மீன் தோலை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி? செதிலில் தொடங்கி செல் வரை

மீனின் செதில் தோலுக்கு மேலே இல்லை, தோலுக்கு உள்ளே இருக்கிறது. மீன் தோலைப் படிக்க வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். செதிலின் முன்பாதி உள்தோலில் ஒரு பைக்குள் பதிந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பாதியையும் மெல்லிய மேல்தோல் போர்த்தியிருக்கும். சந்தையில் கத்தியால் சீவும்போது செதில் மட்டும் போவதில்லை, அதை மூடியிருந்த மேல்தோலும் சேர்ந்தே போகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் தோலின் வெளி அடுக்கில் இருப்பவை கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் நிரம்பி இறந்துபோன செல்கள். மீனில் அப்படி இல்லை. தண்ணீரைத் தொடுகிற கடைசிச் செல்கூட உட்கருவோடு, உயிரோடு இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் சில கெண்டை இன ஆண்களின் தலையில் தோன்றும் கொம்புபோன்ற பருக்கள் மாதிரி ஒருசில இடங்களில்தான் கெரட்டின் படிந்த செல்களைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் அந்த உயிருள்ள செல்களுக்குக் காவல் வழுவழுப்பான கோழை மட்டுமே. துணியால் ஒரு முறை துடைத்தாலே மேல்தோல் கிழிந்துவிடும். ஆய்வகத்தில் எடுக்கும் மோசமான ஸ்லைடுகளில் பெரும்பாலானவை சாயம் போடுவதற்கு முன்பே, மீனைக் கையில் எடுக்கும்போதே கெட்டுப்போனவை. அதனால் இந்த வழிகாட்டி மீன் வாங்குவதிலிருந்து தொடங்குகிறது.

விலங்கியல் படிக்கும் மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் மாணவர்களுக்கான சிறு நுண்ணோக்கி ஒன்றை வைத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். முதல் நான்கு படிகளை வீட்டு மேசையிலேயே செய்யலாம். அதற்குப் பிறகு வருபவற்றுக்குக் கல்லூரி ஆய்வகம் வேண்டும்.

முதலில் ஒரு வரைபடம்

வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசையை ஒரு தாளில் எழுதி நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கோழைப் படலம். அதற்குக் கீழே மேல்தோல்: பல அடுக்குச் செல்கள், நடுநடுவே கோழை சுரக்கும் செல்கள். அடுத்து மேல்தோலையும் உள்தோலையும் பிரிக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வு. அதற்கும் கீழே உள்தோல். இது இரண்டு பகுதி. மேல்பகுதி தளர்வானது, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறமிச் செல்களும் செதில் பைகளும் இங்கேதான். கீழ்ப்பகுதி, கொலாஜன் என்ற புரத இழைகளாலான கெட்டியான அடுக்கு. கடைசியாகக் கொழுப்பும் தளர்ந்த இழைகளும் உள்ள அடிப்படலம், அதன் கீழே தசை. எந்த எலும்பு மீனை (சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்கள் நீங்கலாக) எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. ஒவ்வொன்றின் தடிமன்தான் மாறும்.

படி 1: எந்த மீன், எப்படி வாங்குவது?

பழகுவதற்கு ஜிலேபி மீன் நல்லது. பல சந்தைகளில் உயிரோடு கிடைக்கிறது, நிறமிச் செல்கள் தெளிவாகத் தெரியும். வட்டச் செதிலுக்கு (பின்விளிம்பு வழவழப்பானது) ரோகு அல்லது கட்லா, சீப்புச் செதிலுக்கு (பின்விளிம்பில் நுண்முட்கள் உள்ளது) கொடுவா அல்லது சங்கரா, செதிலே இல்லாத தோலுக்கு கெளுத்தி. பால் சுறா கிடைத்தால் இன்னும் ஒரு வகை சேரும். சட்டப்படி விற்கப்படும் சுறாவாக இருக்கட்டும். திமிங்கலச் சுறா போன்ற சில இனங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

கடையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "அக்கா, சீவ வேண்டாம், கழுவ வேண்டாம், அப்படியே கவர்ல போட்டுக் கொடுங்க." பனிக்கட்டிக்குள் நெடுநேரம் கிடந்த மீனில் செதிலும் கொலாஜனும் நன்றாகவே இருக்கும், ஆனால் மேல்தோல் உரிந்திருக்கும். வெறும் செதில் பார்க்க எந்த மீனும் போதும். செல்களைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று, அப்போதுதான் இறந்த மீன் வேண்டும். மத்தியை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். அதன் செதில்கள் கை பட்டாலே உதிரும். கடைக்கு வருவதற்குள்ளேயே பாதி போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மீனை ஈரமான தட்டில் கிடத்துங்கள். வாலைப் பிடித்துத் தூக்குங்கள், உடலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். மேலே தூசியோ மணலோ இருந்தால் 0.7 சதவீத உப்புநீரை, அதாவது 100 மில்லி நீரில் 0.7 கிராம் உப்பைக் கரைத்து, சொட்டுக் குழாயால் மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரை விட்டால் மேல்தோல் செல்கள் ஊதிப்போகும்.

மாதிரி எடுக்கும் இடம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும்: முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக் கோட்டுக்கு (உடலின் பக்கத்தில் தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும் கோடு) மேலே. தலைத்தோல், வயிற்றுத்தோல், துடுப்பின் அடி என ஒவ்வொன்றும் அமைப்பில் வேறுபடும். வேறு வேறு இடத்தில் எடுத்துவிட்டு இரண்டு மீன்களை ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டில் பொருளில்லை.

படி 2: மேல்தோலோடு ஒரு செதில்

மைக்ரோடோம் (திசுவை மிக மெல்லியதாக வெட்டும் கருவி) இல்லாமலே மேல்தோல் செல்களைப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. நுனி மெல்லிய இடுக்கியால் ஒரு செதிலின் பின் விளிம்பைப் பிடித்து, வாலை நோக்கி மெதுவாக இழுங்கள். வெளிவரும் செதிலை உற்றுப் பாருங்கள். முன்பாதி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பின்பாதியில் மட்டும் மெல்லிய ஒரு படலம் ஒட்டியிருக்கும், அதில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் படலம்தான் மேல்தோலும் அதன் அடியில் இருந்த உள்தோல் துணுக்கும். செதில் தோலுக்குள்ளேதான் இருந்தது என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செதிலின் வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, கவர் ஸ்லிப் போடுங்கள். முதலில் 10 மடங்கு லென்ஸில் பின்பாதியைத் தேடுங்கள். அப்புறம் 40-க்குப் போங்கள். பலகோண வடிவச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி ஒட்டியிருப்பது மங்கலாகத் தெரியும். இப்போது கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 0.1 சதவீத மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். ஓரிரு நிமிடங்களில் உட்கருக்கள் நீலமாக எழும். நடுநடுவே உருண்டையாகத் தெரிபவை கோழைச் செல்கள்.

நுண்ணோக்கியின் நுண்திருகை மிக மெதுவாகத் திருப்பிப் பழகுங்கள். மேலே செல் எல்லைகள், சற்றுக் கீழே நிறமிச் செல்கள், இன்னும் கீழே செதிலின் வளையக் கோடுகள் என ஒன்றன்பின் ஒன்றாகக் கூர்மைக்கு வரும். தோலின் அடுக்கு வரிசை உங்கள் விரல் அசைவிலேயே தெரிகிறது.

படி 3: செதிலைச் சுத்தம் செய்து படிப்பது

இப்போது செதிலை மட்டும் தனியாகப் பார்ப்போம். 1 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்றாகத் தண்ணீரில் அலசுங்கள். கையுறை கட்டாயம், அந்தக் கரைசல் நம் தோலையும் அரிக்கும். செதில் உலரும்போது சுருளும். அதனால் ஈரம் இருக்கும்போதே இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்து, இரு முனைகளிலும் டேப் ஒட்டிவிடுங்கள். நிரந்தர ஸ்லைடாக அது பல ஆண்டுகள் நிற்கும்.

பார்க்க வேண்டியவை: நடுவில் அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கிய மையம், அதுதான் செதில் முதலில் தோன்றிய புள்ளி. அதைச் சுற்றி நெருக்கமான வளையக் கோடுகள். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் ஆரக் கோடுகள். இந்த ஆரங்கள்தான் கெட்டியான செதிலுக்கு வளையும் தன்மையைத் தருகின்றன. ரோகுவின் பின்விளிம்பு வழவழப்பாக இருக்கும். சங்கராவிலோ கொடுவாவிலோ அதே விளிம்பில் நுண்ணிய முட்கள் வரிசையாக நிற்கும். ராபர்ட் ஹூக் 1665-இல் தன் நுண்ணோக்கிப் படங்களோடு வெளியிட்ட மீன் செதில், நாக்கு மீன் வகையைச் சேர்ந்த ஒரு மீனின் இந்தச் சீப்புச் செதில்தான். பக்கக் கோட்டின் மேல் உள்ள செதிலையும் ஒன்று எடுத்துப் பாருங்கள், அதன் நடுவே ஒரு குழாய் ஓடும். நீரின் அசைவை உணரும் உறுப்புகள் அந்தக் கால்வாயில்தான் இருந்தன.

வளையங்களைப் பார்த்ததும் வயதை எண்ணத் தோன்றும். ஹோஃப்பவர் என்ற ஜெர்மானியர் 1898-இல் கெண்டைச் செதிலை வைத்து வயது கணக்கிடும் முறையை விளக்கினார். குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி குறையும்போது வளையக் கோடுகள் நெருங்கும், அந்த நெருக்கம் ஓர் ஆண்டுத் தடம். நம் ஊர் நீர்நிலைகளில் அப்படிக் கடுங்குளிர் வருவதில்லை. முட்டையிடும் பருவமும் தீனிக் குறைவும்கூடத் தடம் விடும். ஆகவே ஒரு செதிலை மட்டும் பார்த்து வயது சொல்லிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: சில செதில்களின் மையம் கோடுகளே இல்லாமல் வெறுமையாக இருக்கும். அது உதிர்ந்த இடத்தில் புதிதாக முளைத்த செதில். முளைக்கும்போது வேகமாக வளர்ந்து முழு அளவை எட்டிய பிறகுதான் வளையங்கள் விழத் தொடங்குகின்றன. அத்தகைய செதிலை வயதுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உங்களிடம் இரண்டு போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) துண்டுகள் இருந்தால் ஒன்றை ஸ்லைடுக்குக் கீழும், மற்றொன்றை ஸ்லைடுக்கு மேலும் பிடித்து, பின்புலம் இருளும் வரை ஒன்றைச் சுழற்றுங்கள். இருட்டான பின்புலத்தில் செதில் மட்டும் ஒளிரும். செதிலின் அடிப்பகுதி கொலாஜன் இழைகளாலான அடுக்குகள். ஓர் அடுக்கில் இழைகள் ஒரு திசையில், அடுத்த அடுக்கில் வேறு திசையில். ப்ளைவுட்டில் மரத்தின் நார் மாற்றி மாற்றி ஒட்டப்படுவதுபோலத்தான் இந்த ஏற்பாடு, பலமும் அதே காரணத்தால்தான். மேலே உள்ள மெல்லிய அடுக்கில் எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் படிவு இருக்கிறது.

படி 4: நிறமிச் செல்கள் அசைவதைப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மீன் செத்த பிறகும் அதன் தோல் செல்கள் சிறிது நேரம் உயிரோடு இயங்குவதை உங்கள் கண்ணால் பார்க்கலாம். மீன் மிகப் புதிதாக இருக்க வேண்டும்.

ஜிலேபியின் முதுகுப் பகுதியிலிருந்து மேல்தோல் ஒட்டிய செதில் ஒன்றை எடுத்து, 0.7 சதவீத உப்புநீரில் வைத்துப் பாருங்கள். கறுப்பு நிறமிச் செல்கள் கிளைகள் விரித்துப் பரந்து கிடக்கும். உடனே அப்படி இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், மெதுவாக விரியும். ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை (100 மில்லியில் 0.75 கிராம்) விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் இழுங்கள். சில நிமிடங்களில் கிளைகளில் இருந்த கறுப்புத் துகள்கள் மையத்தை நோக்கி ஓடத் தொடங்கும். கடைசியில் செல் இருந்த இடத்தில் ஒரு சிறு கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும். மீண்டும் உப்புநீரை ஓடவிட்டால் துகள்கள் திரும்பவும் பரவும். பரவுவதற்குக் குவிவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

இங்கே என்ன நடக்கிறது? செல் சுருங்குவதில்லை. அதன் கிளைகள் விரிந்தபடியேதான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மெலனின் துகள்கள்தான் நுண்குழாய்கள் என்ற இழைகளின் மேல் மூலக்கூறு மோட்டார்களால் இழுக்கப்பட்டு நகர்கின்றன. பொட்டாசியம், தோலில் இன்னும் மிச்சமிருக்கும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அவை நார்அட்ரினலின் சுரக்க, அந்தக் கட்டளையால் துகள்கள் குவிகின்றன. உயிருள்ள மீன் பயந்தபோதும், வெளிறிய தரைக்கு மேல் நீந்தும்போதும் நிறம் வெளுப்பது இதே வழியில்தான். மணல் தரையில் மீனை வைத்தால் வெளுத்துப்போகும், சேற்றுத் தரையில் கறுக்கும்.

கறுப்பைத் தவிர மற்ற நிறங்களையும் தேடுங்கள். மஞ்சள், சிவப்புச் செல்களின் நிறம் பெரும்பாலும் கரோட்டினாய்டுகளிலிருந்தும் டெரிடின்களிலிருந்தும் வருகிறது. கரோட்டினாய்டை மீன் தானாகச் செய்ய முடியாது, இரையிலிருந்துதான் பெற வேண்டும். வெள்ளி மினுமினுப்புக்கு நிறமியே கிடையாது. குவானின் படிகங்கள் தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன, ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போதுதான் மினுக்கம் உண்டாகிறது. மத்தி, வாளை போன்ற மீன்களை அறுத்தபின் கையில் ஒட்டும் வெள்ளிப் பூச்சு இந்தப் படிகங்கள்தான். அதைக் கொஞ்சம் ஸ்லைடில் தேய்த்து போலரைசர் வழியே பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஒரு சிறு ஆற்று மீனின் செதிலிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்துக் கண்ணாடி மணிகளுக்குப் பூசி செயற்கை முத்து செய்தார்கள்.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பை முயலலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். செதிலுக்கும் நிறமிச் செல்லுக்கும் அது போதும்.

படி 5: தோலை நிலைப்படுத்துதல்

இங்கிருந்து ஆய்வக வேலை. தோலின் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் திசு அழுகாமல், சுருங்காமல் நிறுத்தப்பட வேண்டும்.

தோலை மட்டும் உரித்து எடுக்காதீர்கள், அது உடனே சுருண்டுவிடும். கூரான பிளேடால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சதுரமாக, அடியில் ஓரிரு மில்லிமீட்டர் தசையும் சேர்த்து வெட்டுங்கள். அதைத் தடித்த அட்டைத் துண்டின் மேல் தசைப்பக்கம் கீழே இருக்கும்படி நான்கு மூலைகளிலும் குண்டூசியால் தளர்வாகக் குத்தி, அட்டையோடு கரைசலில் போடுங்கள். எந்தப் பக்கம் தலை என்பதை அட்டையில் பென்சிலால் குறிக்க மறக்காதீர்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

கரைசலாக 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் எல்லாவற்றுக்கும் ஏற்றது. திசுவின் கொள்ளளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல், 24 மணி நேரம். பூயின் கரைசல் (நிறைவுற்ற பிக்ரிக் அமிலம் 75 மில்லி, ஃபார்மலின் 25 மில்லி, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மில்லி) உட்கருக்களை இன்னும் தெளிவாக வைக்கும், செதிலையும் ஓரளவு மிருதுவாக்கும். மேல்தோலை மட்டும் படிப்பதென்றால் நான் பூயினைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் நிறம் போகும் வரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். ஃபார்மலின் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல், புகை வெளியேற்றும் அலமாரிக்குள் மட்டும் திறங்கள். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கக்கூடியது. ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ பக்கத்தில் இல்லாமல் அந்தக் குப்பியைத் தொட வேண்டாம்.

அடுத்து சுண்ணம் நீக்குதல். செதிலில் கால்சியம் இருக்கும்வரை மைக்ரோடோம் கத்தி அதில் மோதி, முழு வெட்டையும் கிழிக்கும். ஃபார்மலினில் நிலைப்படுத்திய துண்டை கால்சியத்தைப் பிணைத்து வெளியே எடுக்கும் 10 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலில் சில நாட்கள் வைத்து, செதில் மெழுகுத்தாள் மாதிரி மடங்கும் வரை சோதித்துக்கொண்டே இருங்கள். அவசரம் என்றால் 5 சதவீத ஃபார்மிக் அமிலம் சீக்கிரம் முடிக்கும், ஆனால் சாயம் ஏற்கும் தரம் சற்றுக் குறையும். கெளுத்தித் தோலுக்கு இந்த வேலையே கிடையாது. முதல் குறுக்குவெட்டைக் கெளுத்தியில் தொடங்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

படி 6: வெட்டி, சாயமேற்றுதல்

இந்தப் பகுதி எல்லாத் திசுக்களுக்கும் பொதுவானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 70, 80, 90, 95, 100 என ஏறும் வரிசையில் ஆல்கஹால், பிறகு சைலீன், பிறகு 58 முதல் 60 டிகிரியில் உருகிய பாரஃபின். மெழுகில் பதிக்கும்போதுதான் கவனம் தேவை: துண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், கத்தி தலையிலிருந்து வாலுக்குப் போகும் தளத்தில் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால்தான் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதும், ஒவ்வொன்றும் தன் பையில் உட்கார்ந்திருப்பதும் ஒரே படத்தில் தெரியும். 5 மைக்ரான் தடிமன் போதும்.

முதல் ஸ்லைடு ஹீமட்டாக்சிலின், இயோசின் சாயத்தில். ஹீமட்டாக்சிலினில் ஐந்து முதல் எட்டு நிமிடம், அமில ஆல்கஹாலில் ஒரு முக்கு, ஓடும் நீரில் நீலம் ஏறும்வரை, இயோசினில் ஓரிரு நிமிடம், நீர் நீக்கி டி.பி.எக்ஸ். என்ற ஒட்டும் பிசின் வைத்து மூடுங்கள். இரண்டாவது ஸ்லைடு கோழைக்காக: பி.எச். 2.5-இல் ஆல்சியன் ப்ளூ அரை மணி நேரம், பிறகு பெர்அயோடிக் அமிலம், ஷிஃப் கரைசல். மூன்றாவது, கொலாஜனுக்கு மேசன் டிரைக்ரோம். ஒரே துண்டின் அடுத்தடுத்த வெட்டுகளை இந்த மூன்றுக்கும் பிரித்துக்கொடுங்கள்.

படி 7: ஸ்லைடைப் படிப்பது

4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். முதலில் சிவந்த தசையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வெளியே நகருங்கள். தசைக்கு அடுத்து வெற்றிடங்கள்போலத் தெரிபவை கொழுப்புச் செல்கள், கொழுப்பு சைலீனில் கரைந்துபோயிருக்கும். அடுத்து ஒரே இளஞ்சிவப்பில் அலையலையாக ஓடும் கெட்டிப் பட்டை. அதுதான் கொலாஜன் அடுக்கு. மீன் நீந்தும்போது இந்த அடுக்கு வெறும் உறையாக இருப்பதில்லை. சுறாவில் இந்த இழைகள் உடலைச் சுற்றி இடமும் வலமுமாகச் சுருண்டு போகின்றன. நீந்தும்போது தசையின் இழுப்பைத் தோலும் வால்வரை கடத்துகிறது என்று 1978-இல் வெயின்ரைட்டும் அவர் குழுவும் காட்டினார்கள். பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் தீக்காயங்களுக்குப் பதப்படுத்திய ஜிலேபித் தோலைப் போர்த்திச் சிகிச்சை செய்து பார்த்ததற்கும் இந்தச் செறிந்த கொலாஜன் ஒரு முக்கியக் காரணம்.

பட்டைக்கு மேலே தளர்வான பகுதி. செதில் வெளிர்ந்த தட்டையான பட்டையாக, தன் பைக்குள் சாய்ந்து நிற்கும். மேல்தோலுக்குச் சரியாகக் கீழே கறுப்புக் கோடுபோல மெலனின் செல்கள். சங்கராவை வெட்டியிருந்தால் சிவப்பைத் தேடிக் களைத்துப்போவீர்கள். கரோட்டினாய்டு ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்து ஓடிவிடும், மெலனின் மட்டுமே மிஞ்சும். நிறத்தைப் படிக்க படி 4 மட்டுமே வழி.

இப்போது 40 மடங்கில் மேல்தோல். அடியில் ஒரு வரிசை நீள்சதுரச் செல்கள், நடுவில் பலகோணச் செல்கள், மேலே தட்டையான செல்கள். மேல் வரிசையிலும் உட்கரு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருக்கும். செல் பிரியும் காட்சியை அடி வரிசையில் மட்டும் தேடாதீர்கள், நடு அடுக்கிலும் கிடைக்கும். கோழைச் செல்கள் ஹீமட்டாக்சிலின் ஸ்லைடில் வெறும் ஓட்டைகள்போலத் தெரிந்து ஏமாற்றும். இரண்டாவது ஸ்லைடை எடுத்தால் அதே ஓட்டைகள் நீலமாகவும் கருஞ்சிவப்பாகவும் நிரம்பியிருக்கும். நீலம் அமிலத்தன்மை உள்ள கோழை, கருஞ்சிவப்பு நடுநிலையான கோழை, இரண்டும் கலந்தால் ஊதா. சின்னதாக அடிப்பக்கம் இருக்கும் செல் வளர வளர மேலே ஏறி, விளிம்பில் வாய் திறந்து கோழையை விடுவதை ஒரே வெட்டில் பல கட்டங்களாகப் பார்க்கலாம்.

கெளுத்தியின் ஸ்லைடை இதன் பக்கத்தில் வையுங்கள். செதில் இல்லாத குறையை மேல்தோல் தன் தடிமனால் ஈடுகட்டுகிறது. நடு அடுக்கு முழுவதும் இளஞ்சிவப்பான பெரிய செல்கள் நிற்கும், சிலவற்றில் இரண்டு உட்கருக்கள். இவை கிளப் செல்கள். கோழைச் செல்லுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: கிளப் செல்லுக்கு வெளியே திறக்கும் வாய் கிடையாது. தோல் காயப்பட்டால்தான் உடைந்து சரக்கு வெளியேறும். 1938-இல் விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃப்ரிஷ், காயம்பட்ட சிறு மீன் ஒன்றைக் கூட்டத்தில் விட்டபோது மற்றவை அஞ்சி ஓடியதைக் கவனித்தார். தோலிலிருந்து கசியும் எச்சரிக்கைப் பொருளே காரணம் என்று கண்டார். கெண்டை, கெளுத்திக் குடும்பங்களில் அந்தப் பொருளின் இருப்பிடமாக இந்தச் செல்களைத்தான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நோய்க் கிருமிகளை எதிர்ப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ரோகு ஸ்லைடிலும் கிளப் செல்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும். கெளுத்தியின் மீசைத் தோலை வெட்டினால் மேல்தோலில் சுவை மொட்டுகள் நெருக்கமாக இருக்கும். உடல் முழுவதும்கூட அவை பரவியிருக்கின்றன. கலங்கிய நீரில் இரையைத் தோலாலேயே ருசித்துத் தேடுகிற மீன் அது.

சுறாத் தோல்

தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் உரசும். சிறு துண்டை 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதை கரையும் வரை மெல்லச் சூடாக்கி, அடியில் தங்கும் மணல்போன்ற துகள்களை அலசி கிளிசரினில் ஏற்றுங்கள். ஒவ்வொரு துகளும் ஒரு முழுப் பல்: கீழே தட்டையான அடி, மெல்லிய கழுத்து, பின்னோக்கிச் சாய்ந்த தலை, அதன் மேல் நீளவாக்கில் வரம்புகள். குறுக்குவெட்டில் நடுவே பற்கூழ்க் குழி, சுற்றிலும் டென்டைன், மேலே எனாமல் போன்ற கடினப் பூச்சு. எலும்பு மீனின் செதில் மேல்தோலுக்கு அடியிலேயே மூடிக்கிடக்க, சுறாவின் பற்செதில் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

அளப்பதும், ஏமாற்றும் காட்சிகளும்

அளவு இல்லாத படம் பாதிப் படம்தான். கண்வில்லை அளவுகோலை மேடை அளவுகோலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பிரிவு எத்தனை மைக்ரான் என்று எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் பார்வை வட்டத்தைக் கணக்கிடலாம். கண்வில்லையில் 18 என்று எழுதியிருந்தால் 10 மடங்கு லென்ஸில் வட்டத்தின் விட்டம் 1.8 மில்லிமீட்டர், 40-இல் 0.45 மில்லிமீட்டர். மேல்தோல் தடிமனை வெட்டு செங்குத்தாக விழுந்த இடத்தில் மட்டும் அளக்க வேண்டும். சாய்வாக விழுந்த இடத்தில் அடிவரிசைச் செல்கள் பல வரிசைகளாகத் தெரியும், தோலும் இல்லாத தடிமனைக் காட்டும்.

மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே நீண்ட வெள்ளை இடைவெளி தெரிந்தால் அது நோய் அல்ல, பெரும்பாலும் பதப்படுத்தும்போது ஏற்பட்ட உரிதல். மேல்தோலே இல்லாமல் செதில் நேராக வெளியே தெரிந்தால் மீனைக் கையாண்ட விதத்தில்தான் கோளாறு. படி 1-க்குத் திரும்பி வேறு மீனில் தொடங்குங்கள்.

மேல் செல்களின் வெளிப்பரப்பில் வளைந்து நெளிந்த நுண்ணிய மேடுகள் உண்டு. கோழை வழுக்கி ஓடாமல் பிடித்துவைக்க அவை உதவுவதாகக் கருதப்படுகிறது. ஒரு மேட்டின் அகலம் ஒரு மைக்ரானில் சிறு பங்குதான். ஒளி நுண்ணோக்கியில் அவற்றைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். அதற்கு அலகீட்டு (ஸ்கேனிங்) எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பல்கலைக்கழகக் கருவி மையத்தில் கேட்டுப் பார்க்கும் முன், தோலைக் குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, மேல்பரப்பில் உறைந்த கோழையை மெதுவாக நீக்கி வைத்திருங்கள். கோழை மூடிய பரப்பில் அந்த மேடுகள் எதுவும் தெரியாது.